டோடோவை இழந்த தீவு

நான்கே நான்கு வல்லூறுகள் மிஞ்சியிருந்த இடத்திலிருந்து ஓர் இனத்தை மீட்டது மொரீஷியஸ். அந்த வேலை அங்கே இன்னும் ஓயவில்லை.

மொரீஷியஸ் நாட்டின் அரசு முத்திரையில் ஒரு கேடயம் இருக்கிறது. அதை இரு பக்கமும் நின்று தாங்குபவை இரண்டு உயிர்கள். ஒரு பக்கம் டோடோ, மறுபக்கம் மான். இரண்டோடும் ஒவ்வொரு கரும்பு. டோடோ அந்தத் தீவில் மட்டுமே வாழ்ந்து, அங்கேயே அழிந்த பறவை. மானை 1639-ல் டச்சுக்காரர்கள் ஜாவாவிலிருந்து கப்பலேற்றிக் கொண்டுவந்து விட்டார்கள். கரும்பும் அவர்கள் கொண்டுவந்ததுதான். போன உயிர், வந்த உயிர், காட்டை விழுங்கிய பயிர் என்று நானூறு ஆண்டுக் கதையும் அந்த ஒரு முத்திரையில் அடங்கிவிடுகிறது.

தமிழர்களுக்கு அந்நியமான ஊர் இல்லை அது. அங்கே ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து உண்டு. தைப்பூசக் காவடிக்கு அரசு விடுமுறை உண்டு. பிரெஞ்சுக்காரர் காலத்தில் புதுச்சேரிப் பக்கமிருந்து கொத்தனார்களும் தச்சர்களும் போனார்கள். ஆங்கிலேயர் காலத்தில் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். நம் மனிதர்களோடு நம்மூர்ப் பறவைகளும் விலங்குகளும் அங்கே போய்ச் சேர்ந்தன. அந்தக் கதையை நாம் அதிகம் பேசியதில்லை.

மடகாஸ்கருக்குக் கிழக்கே, இந்தியப் பெருங்கடலின் நடுவே, எரிமலைப் பாறையால் எழுந்த தீவு மொரீஷியஸ். வயது ஏறத்தாழ 80 லட்சம் ஆண்டுகள். பரப்பு 1,865 சதுர கிலோமீட்டர். நம் கன்னியாகுமரி மாவட்டத்தைவிடச் சற்றே பெரியது. பறந்து வந்தவை, நீந்தி வந்தவை, மிதந்து வந்த கட்டையைப் பற்றிக்கொண்டு கரையேறியவை ஆகியவற்றின் சந்ததிகள்தான் அங்கே பெருகின. நிலத்தில் வாழும் பாலூட்டிகளில் வௌவாலைத் தவிர வேறெதுவும் தானாக வந்து சேரவில்லை. பூனை இல்லை, கீரி இல்லை, எலிகூட இல்லை. துரத்த ஆளில்லாத இடத்தில் ஒரு புறா பறப்பதை விட்டது, உடல் பெருத்தது, ஒரு மீட்டர் உயரத்துக்கு வளர்ந்தது. அதுதான் டோடோ. ஆடு மாடு இல்லாத அந்தக் காட்டில் மேய்ச்சல் வேலையை ராட்சத ஆமைகள் பார்த்துக்கொண்டன. பூக்கும் தாவரங்கள் ஏறத்தாழ 690 இனங்கள்; அவற்றில் பத்தில் நான்கு, உலகில் வேறெங்கும் இல்லாதவை.

தீவுகளின் சிறப்பும் இதுதான், ஆபத்தும் இதுதான். உலக நிலப்பரப்பில் தீவுகளின் பங்கு சுமார் 5 விழுக்காடு. ஆனால் கடந்த 500 ஆண்டுகளில் அழிந்துபோன பறவை இனங்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது தீவுகளைச் சேர்ந்தவை. கண்டத்தில் ஒரு காட்டிலிருந்து விரட்டப்பட்ட உயிர் அடுத்த காட்டுக்குப் போகலாம். தீவில் அடுத்த காடு கிடையாது.

64 ஆண்டுகள்

டச்சு மாலுமிகள் டோடோவைப் பார்த்து எழுதிவைத்தது 1598-ல். பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்றுக்கொள்ளும் கடைசிப் பதிவு 1662-ல். இடையில் 64 ஆண்டுகள். மாலுமிகள் அடித்துத் தின்றே தீர்த்துவிட்டார்கள் என்றுதான் நம் பாடப் புத்தகங்கள் சொல்லிக்கொடுத்தன. தின்றார்கள் என்பது உண்மை. ஆனால் டச்சுக்காரர் காலத்தில் அந்தத் தீவில் இருந்த மனிதர்கள் சில நூறு பேரைத் தாண்டியதில்லை. காடோ தீவு முழுக்க இருந்தது. அத்தனை பெரிய காட்டில் இருந்த பறவைகளை அவ்வளவு பேர் தின்று தீர்த்திருக்க முடியாது. கப்பலில் கூடவே வந்து இறங்கிய எலியும் பன்றியும் குரங்கும்தான் மிச்ச வேலையை முடித்தன. தரையில் முட்டையிட்டுப் பழகிய பறவைக்கு முட்டைத் திருடர்களிடமிருந்து தப்பும் வழி தெரியாது.

1865-ல் கரும்புத் தோட்டம் ஒன்றின் சதுப்பில் டோடோவின் எலும்புகள் கிடைத்தன. இடத்தின் பெயர் மார் ஓ சோஞ்ச். அவற்றைத் தேடி எடுத்தவர் ஜார்ஜ் கிளார்க் என்ற பள்ளி ஆசிரியர். கூலியாட்கள் இடுப்பளவு சேற்றில் இறங்கி, வெறுங்காலால் துழாவி, எலும்பு தட்டுப்பட்ட இடத்தில் குனிந்து எடுத்துக் கொடுத்தார்கள். உலக அருங்காட்சியகங்களில் இன்று நிற்கும் டோடோ எலும்புக்கூடுகளில் பெரும்பகுதி அந்தச் சேற்றிலிருந்து வந்தவை.

டோடோவோடு அழிவு நின்றிருந்தால்கூட ஆறுதலாக இருக்கும். பெரிய கிளி ஒன்று போனது. பறக்காத சிவப்பு நிறக் கானாங்கோழி ஒன்று போனது. ஆமைகள் இரண்டு இனமும் போயின. கருங்காலி மரங்களை டச்சுக்காரர்கள் வெட்டி ஏற்றுமதி செய்தார்கள். மிச்சக் காட்டைப் பிரெஞ்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் கரும்புக்காகத் திருத்தினார்கள். ஓரளவு கெடாமல் இருக்கும் பூர்விகக் காடு இன்று தீவின் பரப்பில் 2 விழுக்காட்டுக்கும் குறைவு.

நம்மூர் மைனா

1760-களில் மொரீஷியஸ் வயல்களில் வெட்டுக்கிளிகள் படையெடுத்தன. அப்போது ஆட்சியிலிருந்த பிரெஞ்சுக்காரர்கள் இந்தியாவிலிருந்து மைனாக்களைக் கொண்டுபோய் விட்டார்கள். மைனாக்கள் வெட்டுக்கிளியைத் தின்றன. திட்டம் வெற்றி என்று கொண்டாடினார்கள். பூச்சியை இன்னொரு உயிரை வைத்துக் கட்டுப்படுத்தியதற்கு உலகின் ஆரம்ப உதாரணங்களில் ஒன்றாக இன்றும் அதைச் சொல்கிறார்கள். ஆனால் வெட்டுக்கிளி போன பிறகும் மைனா போகவில்லை. மரப்பொந்துகளைப் பிடித்துக்கொண்டது.

அந்த வரிசையில் நம்முடைய பச்சைக்கிளியும் உண்டு. கோயில் கோபுரங்களில் கூட்டமாக வந்து அடையும் அதே கிளி, 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கே போய், தீவுக்கே உரிய எக்கோ கிளியோடு பொந்துக்குச் சண்டை போட ஆரம்பித்தது. 1892-ல் கொண்டையும் செம்மீசையுமாக நம் தோட்டங்களில் பாடித் திரியும் சின்னான் போனது. பழத்தைத் தின்று விதையைக் காட்டுக்குள் பரப்பியது. அந்த விதைகளில் பல அந்நியச் செடிகளின் விதைகள். எலியைப் பிடிக்கக் கீரியைக் கொண்டுவந்தார்கள். கீரி எலியை மட்டும் பிடிக்கவில்லை. பலசரக்கு மூட்டைகளோடு மூஞ்சூறும் போனது. பல்லிக்குஞ்சுகளையும் அரணைகளையும் அது வேட்டையாடியது.

போக்குவரத்து இருவழியாகவே நடந்தது. மழைக்காலத்தில் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் வாழை, பப்பாளி என்று பார்க்காமல் மேயும் ஆப்பிரிக்கப் பெருநத்தை இந்தியாவுக்கு வந்தது மொரீஷியஸ் வழியாகத்தான். 1847-ல் பென்சன் என்ற ஆங்கிலேயர், சிப்பிகளிலும் நத்தைகளிலும் ஆர்வம் கொண்டவர், அங்கிருந்து சிலவற்றைக் கொண்டுவந்து கல்கத்தாவில் ஒரு தோட்டத்தில் விட்டார்.

இந்த உயிர்கள்மேல் பழி எதுவும் இல்லை. மைனா இங்கே மைனாவாக வாழ்வதைப் போலத்தான் அங்கேயும் வாழ்கிறது. இடம் மாற்றி வைத்தவர்கள் மனிதர்கள். அதனால் சரிசெய்யும் பொறுப்பும் மனிதர்களுடையது. இதை முதலில் ஒப்புக்கொள்ளாமல் தீவுப் பாதுகாப்பைப் பேச முடியாது.

செடிகளின் கதை இன்னும் மோசம். பிரேசிலிலிருந்து வந்த ஒரு சிறுகொய்யாவை அங்கே சீனக் கொய்யா என்கிறார்கள். சீசனில் குடும்பத்தோடு காட்டுக்குப் போய்ப் பறித்து, உப்பும் மிளகாயும் தொட்டுத் தின்பது அங்கே பெரிய சந்தோஷம். அந்தச் செடி புதராக அடர்ந்தால் கீழே வெளிச்சம் விழாது. பூர்விக மரத்தின் விதை முளைத்தாலும் நாலு இலை விடுவதற்குள் வாடிவிடும். பார்ப்பவர் கண்ணுக்குப் பச்சைப்பசேலென்று காடு தெரியும். உள்ளே போய் நின்றால் வயதான மரங்கள் மட்டும் இருக்கும். அவற்றின் அடுத்த தலைமுறை இருக்காது.

முட்டையைத் திருடியவர்

மொரீஷியஸ் வல்லூறு, கெஸ்ட்ரல் குடும்பத்துப் பறவை; புறா அளவுதான் இருக்கும். காட்டுக்குள் மரங்களுக்கு நடுவே வளைந்து நெளிந்து பறந்து பச்சைப் பல்லிகளைப் பிடிக்கும். காடு போனது ஒரு காரணம். குரங்கும் கீரியும் பூனையும் இன்னொரு காரணம். 1948 முதல் மலேரியாவை ஒழிக்கத் தெளித்த டிடிடி மூன்றாவது காரணம். அந்த மருந்து மனித உயிர்களைக் காத்தது. வல்லூறின் முட்டை ஓட்டை மெலியவைத்தது. 1974-ல் காட்டில் தெரிந்தவை நான்கு பறவைகள். அவற்றில் முட்டையிடும் பெட்டை ஒன்றே ஒன்று. உலகின் மிக அரிய பறவை என்று அப்போது அதைத்தான் சொன்னார்கள்.

காப்பாற்ற முடியாது என்பதே அன்றைய பொதுக்கருத்து. நார்மன் மையர்ஸ் போன்ற பெரிய சூழலியலாளர்களே, இதை விட்டுவிட்டு அந்தப் பணத்தில் பிழைக்க வாய்ப்புள்ள உயிர்களைக் காக்கலாமே என்ற கேள்வியை எழுப்பினார்கள். 1979-ல் கார்ல் ஜோன்ஸ் என்ற வேல்ஸ் நாட்டு இளைஞர் வந்து இறங்கினார். அனுப்பியது பன்னாட்டுப் பறவைப் பாதுகாப்பு அமைப்பு. திட்டத்தை முடித்து அரசிடம் ஒப்படைத்துவிட்டுத் திரும்ப வேண்டும் என்பதே அவருக்குக் கொடுத்த வேலை. அவர் திரும்பவில்லை. சிறுவயதில் வீட்டுக் கொல்லையில் அடிபட்ட வல்லூறுகளை வளர்த்துப் பழகியவர் அவர். அந்தக் கைப்பழக்கத்தை வைத்து வேலையில் இறங்கினார்.

அவர் செய்ததைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். வல்லூறின் கூடு செங்குத்துப் பாறையின் பொந்தில் இருக்கும். ஜோன்ஸ் பாறையேறிப் போய் மூன்று முட்டைகளையும் எடுத்துக்கொண்டார். காட்டில் ஒரு சில பறவைகளே இருக்கும்போது முட்டையைத் திருடுவது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். ஆனால் முதல் ஈட்டு முட்டைகள் பறிபோனால் பெட்டை மறுபடி முட்டையிடும். அதற்கு அதன் உடம்பில் தெம்பு வேண்டும். அதனால் வெள்ளெலிகளைக் கொண்டுபோய்க் காட்டி, ஆண் பறவை பறந்துவந்து வாங்கிப் போகும்படி பழக்கினார். ஆண் கொண்டுபோய்ப் பெட்டைக்குக் கொடுக்கும். பெட்டை இரண்டாவது ஈட்டை இட்டு அடைகாக்கும். எடுத்துவந்த முட்டைகள் பிளாக் ரிவரில் உள்ள இனப்பெருக்க நிலையத்தின் இன்குபேட்டரில் பொரியும். குஞ்சுகளைக் கையால் ஊட்டி வளர்த்து, காட்டில் பெட்டிக்குள் வைத்து, தானாக வேட்டையாடும் வரை தீனி போட்டுப் பழக்கி விட்டார்கள். கீரிகளைப் பொறிவைத்துப் பிடித்தார்கள். பொந்து இல்லாத இடத்தில் கூட்டுப்பெட்டி பொருத்தினார்கள்.

இப்படி முந்நூறுக்கு மேற்பட்ட பறவைகளைக் காட்டில் விட்டார்கள். 1994-ல் பன்னாட்டுச் சிவப்புப் பட்டியல் இந்த இனத்தின் ஆபத்து நிலையைக் குறைத்தது. உலகமே பாராட்டியது. அதோடு கவனிப்பும் குறைந்தது. எண்ணிக்கை மெல்லச் சரிந்து, 2014-ல் அதே பட்டியல் மறுபடி நிலையை உயர்த்தியது. நான் இந்தக் கதையில் மிக முக்கியமாகக் கருதுவது இந்தச் சரிவைத்தான். சீரழிந்த ஒரு தீவில் ‘காப்பாற்றியாகிவிட்டது’ என்று கோப்பை மூட முடியாது. எலி அங்கேயே இருக்கிறது, கீரி அங்கேயே இருக்கிறது, கொய்யா அங்கேயே இருக்கிறது. மனிதக் கை எடுக்கப்பட்ட மறுநாளே அவை மீண்டும் முன்னேறத் தொடங்கும்.

இளஞ்சிவப்புப் புறாவின் கதை இதை இன்னும் தெளிவாகக் காட்டும். 1990 வாக்கில் காட்டில் பத்துப் புறாக்கள்தான் இருந்தன. அவை கூடு கட்டியது ஜப்பானிலிருந்து கொண்டுவந்து நட்ட ஒரு சிடார் தோப்பில். பூர்விக மரத்தில்கூட இல்லை. கூண்டில் வளர்த்த புறாக்களின் முட்டைகளை வீட்டுப் புறா இனம் ஒன்றிடம் அடைகாக்கக் கொடுத்துக் குஞ்சு பொரித்தார்கள். இன்று ஏறத்தாழ 500 புறாக்கள் உள்ளன. இன்றும் காட்டில் மேடை அமைத்துத் தினமும் தானியம் வைக்கிறார்கள். பூனையையும் எலியையும் பிடிக்கிறார்கள். மிகச் சில பறவைகளிலிருந்து பெருகிய கூட்டம் என்பதால் மரபணு வளம் குன்றிவிட்டது. ஐரோப்பிய விலங்குக் காட்சிசாலைகளில் இருக்கும் உறவுப் பறவைகளைக் கொண்டுவந்து கலக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். எண்ணிக்கை ஏறுவது மட்டும் மீட்சி ஆகாது.

எக்கோ கிளிகள் 1980-களில் பத்துப் பன்னிரண்டுக்கு வந்துவிட்டன. இப்போது எழுநூறைத் தாண்டிவிட்டன. ஒவ்வொரு பொந்தாகத் தேடி, மழைநீர் புகாமல் ஓரம் கட்டி, எலி ஏறாமல் அடிமரத்தில் வழுக்கும் தகடு சுற்றி, குஞ்சின் ரத்தத்தை உறிஞ்சும் ஈப்புழுவுக்கு மருந்து தூவி வளர்த்த கிளிகள் அவை.

ஆமைக்குப் பதில் ஆமை

மாஹேபூர் கடற்கரையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில் இல் ஓ செக்ரெத் என்ற குட்டித் தீவு இருக்கிறது. வெறும் 26 ஹெக்டேர். பவளச் சுண்ணாம்புப் பாறைமேல் கருங்காலிக் காடு. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவம் முகாமிட்டு மரங்களை வெட்டியது. 1984-ல் தொடங்கிய மொரீஷியஸ் வனவுயிர் அறக்கட்டளை இதைப் பொறுப்பேற்றுக் களையெடுத்து, எலிகளை ஒழித்து, பூர்விகச் செடிகளை நட்டுவருகிறது.

இங்கே ஒரு சிக்கல். கருங்காலி காய்த்தது. பழம் தாய்மரத்தின் காலடியிலேயே விழுந்தது. வெட்டப்பட்ட திடல்களுக்கு விதை போய்ச் சேரவே இல்லை. பழத்தைத் தின்று தூரத்தில் போய் எச்சமிடும் ராட்சத ஆமை அழிந்து முந்நூறு ஆண்டு ஆகிவிட்டது. 2000-ஆம் ஆண்டில் ஒரு துணிச்சலான முடிவெடுத்தார்கள். சேஷல்ஸ் நாட்டின் அல்டாப்ரா தீவில் வாழும் ராட்சத ஆமைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். வேறு இனம்தான், ஆனால் செய்யும் வேலை அதே வேலை. ஆமைகள் பழத்தைத் தின்றன. சாணத்தில் வந்த விதைகள் தாய்மரத்தை விட்டு விலகி, வெட்ட வெளிகளில் முளைத்தன. ஆமையின் குடல் வழியே வந்த விதை நன்றாக முளைப்பதையும் ஆய்வு காட்டியது. 2011-ல் அது வெளியானது.

அயல் இனத்தால் அழிந்த தீவில் இன்னொரு அயல் இனத்தை விடலாமா என்று பலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. வெட்டுக்கிளிக்கு மைனா, எலிக்குக் கீரி என்று ஏற்கெனவே சூடுபட்ட ஊர் அது. ஆமையில் ஒரு வித்தியாசம் உண்டு. அது மெதுவாகப் பெருகும், வேலி தாண்டாது, தப்பு என்று தெரிந்தால் திரும்பத் தூக்கிக்கொண்டு வந்துவிடலாம். இப்படித் திரும்பப் பெறக்கூடியதை மட்டுமே சோதித்துப் பார்ப்பது என்பது எந்தத் தீவுக்கும் பொருந்தும் நல்ல விதி.

மொரீஷியஸுக்கு வடகிழக்கில், 22 கிலோமீட்டர் தள்ளி ரவுண்ட் தீவு. அலையடிக்கும் பாறையில் படகிலிருந்து தாவித்தான் இறங்க வேண்டும். பரப்பு 219 ஹெக்டேர். எலி ஒருபோதும் ஏறாத தீவு என்பதே இதன் பெரும் சொத்து. ஆனால் 19-ஆம் நூற்றாண்டில் ஆட்டையும் முயலையும் கொண்டுபோய் விட்டிருந்தார்கள். அவை மேய்ந்து தீர்த்ததில் மண் கடலுக்குள் சரிந்தது. மண்ணுக்குள் வளையில் வாழ்ந்த ஒரு பாம்பினம் 1975-க்குப் பிறகு யார் கண்ணிலும் படவில்லை. 1979-க்குள் ஆடுகளையும், நியூசிலாந்து நிபுணர்களின் உதவியோடு 1986-ல் முயல்களையும் அகற்றினார்கள். பனைவகைகளின் நாற்றுகள் தலைகாட்டின. அங்கே இன்னொரு பாம்பு பிழைத்திருக்கிறது. மேல்தாடை எலும்பு இரண்டாகப் பிரிந்து மடங்கும் அந்த அமைப்பு இன்று வாழும் வேறெந்த முதுகெலும்புள்ள உயிரிலும் இல்லை. 2012-ல் அதை இன்னொரு தீவிலும் குடியேற்றினார்கள், ஒரே கூடையில் எல்லா முட்டையும் இருக்கக் கூடாது என்பதற்காக.

ரவுண்ட் தீவுக்குப் போகிறவர்களின் பைகளை மடிப்பு மடிப்பாக உதறிப் பார்க்கிறார்கள். காலணியின் அடியில் ஒட்டிய விதைவரை சோதனை. கருவுற்ற ஒரே ஒரு எலி இறங்கினால் போதும், நாற்பது ஆண்டு உழைப்பு வீண்.

சென்னை, கோவை நர்சரிகளில் பாட்டில் பாம் என்று விற்கிறார்களே, அடி பருத்த அந்த அலங்காரப் பனை, அதன் சொந்த ஊர் ரவுண்ட் தீவுதான். உலகெங்கும் ஓட்டல் வாசல்களில் லட்சக்கணக்கில் நிற்கும் மரம், தன் காட்டில் விரல்விட்டு எண்ணும் நிலைக்கு வந்திருந்தது. அதன் நெருங்கிய உறவான இன்னொரு பனைக்கு அந்த வாய்ப்பும் இல்லை. கியூர்பிப் தாவரவியல் பூங்காவில் சாரம் கட்டிக் காக்கப்படும் ஒற்றை மரம் மட்டுமே உலகில் மிச்சம். ஆண் பூவும் பெண் பூவும் அதில் வெவ்வேறு காலத்தில் மலர்வதால் தன்னைத் தானே கருவுறச் செய்துகொள்ளவும் முடியாது. ஆய்வகத்தில் திசு வளர்த்து நாற்றாக்க எடுத்த முயற்சிகள் கைகூடவில்லை. அந்த மரம் சாயும் நாளில் ஓர் இனமே முடிந்துபோகும்.

நேரெதிரான ஒரு செய்தியும் உண்டு. மொரீஷியஸின் பகுதியான ரோட்ரிக்ஸ் தீவில், அழிந்துவிட்டதாகக் கருதப்பட்ட ஒரு காட்டுக் காப்பிச் செடியை 1980-ல் ஒரு பள்ளி மாணவன் கண்டுபிடித்தான். ஆசிரியர் காட்டிய படத்தோடு ஒப்பிட்டு, இதை நான் பார்த்திருக்கிறேன் என்று கிளையை ஒடித்துக்கொண்டு வந்தான். செய்தி பரவியதும் நாட்டு மருந்துக்காக ஆட்கள் வந்து செடியைப் பிய்க்கத் தொடங்க, வேலிக்கு மேல் வேலி போட்டுக் காத்தார்கள். லண்டன் கியூ தோட்டத்தில் வளர்த்த துண்டுகளிலிருந்து 2003-ல் விதை எடுக்க முடிந்தது. இன்று அதன் கன்றுகள் ரோட்ரிக்ஸ் மண்ணில் நிற்கின்றன.

கரும்புச் சோகையும் தலைமுடியும்

2020 ஜூலை 25-ம் தேதி வகாஷியோ என்ற சரக்குக் கப்பல் தென்கிழக்குக் கரையின் பவளத்திட்டில் மோதி நின்றது. ஆகஸ்ட் 6-ல் எண்ணெய் கசியத் தொடங்கியது. ஏறத்தாழ ஆயிரம் டன். இல் ஓ செக்ரெத் அதன் பாதையில் இருந்தது. உத்தரவுக்குக் காத்திருக்காமல் ஊர் மக்கள் கடலோரத்தில் கூடினார்கள். தோட்டங்களிலிருந்து கரும்புச் சோகையை அள்ளிவந்து துணியிலும் வலையிலும் திணித்து, நீளமான மிதவைத் தடுப்புகளாகத் தைத்தார்கள். எண்ணெயை உறிஞ்சும் என்று பெண்களும் ஆண்களும் தலைமுடியை வெட்டிக் கொடுத்தார்கள். அறக்கட்டளைக்காரர்கள் நாற்றங்கால் செடிகளை ஆயிரக்கணக்கில் கரைக்கு ஏற்றினார்கள். சுற்றியுள்ள குட்டித் தீவுகளின் பல்லிகளையும் அரணைகளையும் பிடித்து, ஒரு பகுதியைப் பிரான்ஸ் கரையை ஒட்டிய ஜெர்சி தீவின் விலங்குக் காட்சிசாலைக்கு விமானத்தில் அனுப்பினார்கள். அந்தக் காட்சிசாலையை நிறுவிய ஜெரால்ட் டரல்தான் 1970-களிலேயே மொரீஷியஸ் உயிர்களுக்காகக் குரல் கொடுத்தவர்.

அதே நாட்டில்தான் 2015-ல் பழந்தின்னி வௌவால்களைச் சுட்டுக் கொல்ல அரசே ஆணையிட்டது. லிச்சியையும் மாம்பழத்தையும் நாசம் செய்கின்றன என்பது தோட்டக்காரர்களின் புகார். முதல் ஆண்டிலேயே முப்பதாயிரத்துக்கு மேல் கொன்றார்கள், பிறகும் தொடர்ந்தார்கள். 2018-ல் அந்த வௌவால் அருகிவரும் இனமாகப் பட்டியலிடப்பட்டது. டோடோவும் ஆமையும் போன பிறகு, காட்டின் பெரிய விதைகளைச் சுமந்து பரப்ப எஞ்சியிருக்கும் உயிர் அதுதான். பழச் சேதத்தில் எலிக்கும் மைனாவுக்கும் கிளிக்கும் காற்றுக்கும் பங்குண்டு. மரத்துக்கு வலை போட்டால் பெரும்பகுதி சேதம் நின்றுவிடும். தோட்டக்காரர்களின் கஷ்டம் உண்மையானது; துப்பாக்கி அதற்கு மருந்து ஆகாது. வல்லூறை மீட்டதற்காக மொரீஷியஸை எவ்வளவு பாராட்டினாலும் தகும். இந்த விஷயத்தில் அது செய்தது தவறு.

நிக்கோபார் புறா

2002-ல் டோடோவின் மரபணுவை ஆராய்ந்தவர்கள், இன்று உயிரோடிருக்கும் பறவைகளில் அதற்கு மிக நெருங்கிய உறவு நிக்கோபார் புறா என்று கண்டார்கள். பச்சையும் செம்பும் மின்னும் இறகு, கழுத்தில் பிடரிபோல் தொங்கும் தூவி, குட்டையான வெள்ளை வால். அது வாழும் தீவுகளில் சில இந்தியாவுக்குச் சொந்தம்.

அந்த நிக்கோபார் கூட்டத்தில் பெரியதான கிரேட் நிக்கோபாரில் துறைமுகம், விமான நிலையம், நகரியம், மின் நிலையம் எல்லாம் சேர்ந்த மாபெரும் திட்டத்துக்கு 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி கொடுத்தது மத்திய அரசு. அதற்காக ஒதுக்கப்படும் காடு 130 சதுர கிலோமீட்டருக்கு மேல். வெட்டப்படக்கூடிய மரங்கள் 9.64 லட்சம் என்று அரசே நாடாளுமன்றத்தில் சொன்னது. துறைமுகம் வரும் கலத்தியா விரிகுடா, தோணியாமை கரையேறி முட்டையிடும் இடம். இலைக்குப்பையை மேடாகக் குவித்து, அது மக்கும் சூட்டில் முட்டையைப் பொரிக்கும் நிக்கோபார் மெகாபோடு பறவைகளின் மேடுகளும் அந்தக் கரையில்தான். அங்கிருந்த சரணாலயத்தின் அறிவிக்கையை 2021-லேயே நீக்கிவிட்டார்கள். மொரீஷியஸில் முட்டைத் திருடனாகிப்போன நீள்வால் குரங்கு, இங்கே நிக்கோபார் காட்டின் பூர்விகக் குடி. அதே குரங்கு, இங்கே அதற்கு உரிய இடத்தில் இருக்கிறது. ஷொம்பென் மக்களும் நிக்கோபாரியர்களும் அந்தக் காட்டைக் கெடுக்காமல் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துகாட்டியவர்கள்.

வெட்டும் காட்டுக்கு ஈடாக மரம் நடத் தேர்ந்தெடுத்த இடம் ஹரியானா. வங்கக் கடல் தீவின் மழைக்காட்டை ஆரவல்லிப் பக்கத்து வறண்ட நிலத்தில் எப்படி ஈடுகட்ட முடியும்? மொரீஷியஸில் ஐம்பது ஆண்டுகளாக, எலிப்பொறியும் இன்குபேட்டரும் தானிய மூட்டையுமாக ஆட்கள் பாடுபட்ட பிறகும், திரும்பி வந்தது சில பறவைகளும் சில ஹெக்டேர் காடும்தான். அந்த உழைப்பும் பணமும் கிரேட் நிக்கோபாருக்குத் தேவையில்லை. அதன் காடு இன்றைக்கு முழுசாக நிற்கிறது. வெட்டாமல் விட்டால் போதும். மத்திய அரசு இந்தத் திட்டத்தைக் கைவிட வேண்டும். கலத்தியா விரிகுடாவை மறுபடியும் சரணாலயமாக அறிவிக்க வேண்டும். தமிழ்நாட்டு நாடாளுமன்ற உறுப்பினர்கள் இதை அவையில் எழுப்ப வேண்டும். உங்கள் தொகுதி உறுப்பினருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்.